மும்பைக் கடலடியில் ஒலி மங்கும் இடங்கள்: மேல்மட்ட வாயுவை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

அக்கா மகன் மும்பை ஹை என்ற கடல் எண்ணெய் வயலில், கிணறு துளைக்கும் ஒரு ரிக்கில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். ஜூஹுவிலிருந்து ஹெலிகாப்டர், பதினாலு நாள் கடலில், பதினாலு நாள் தாராவி வீட்டில். ரிக் வந்து நிற்பதற்கு முன்னால் அந்த இடத்தை அளந்து பார்க்கப் போகும் சர்வே படகுகளில் நான் பல வருஷம் வேலை பார்த்தவன். அதனால் அக்கா என்னிடம்தான் கேட்டாள்: "எண்ணெய் ஒரு கிலோமீட்டருக்கும் கீழேதானே இருக்கு தம்பி? பின்னே மேல் மண்ணை எதுக்கு இத்தனை தடவை தட்டித் தட்டிப் பாக்குறாங்க?"

சரியான கேள்வி. மும்பைக்கு மேற்கே சுமார் 160 கிலோமீட்டர் தள்ளி, எழுபத்தைந்து மீட்டர் தண்ணீருக்கு அடியில் இருக்கும் அந்த வயலை 1974 பிப்ரவரியில் சாகர் சாம்ராட் என்ற ரிக் துளைத்துக் கண்டுபிடித்தது. 1976 மே மாதம் எண்ணெய் எடுக்கத் தொடங்கினார்கள். முக்கியமான எண்ணெய்ப் பாறை 1300 மீட்டரை ஒட்டிக் கிடக்கிறது. அங்கே போய்ச் சேருவதற்கு முன்னால், முதல் சில நூறு மீட்டர் சேற்றிலும் மணலிலும் காத்திருக்கும் ஒரு ஆபத்து உண்டு. தொழிலில் அதை ஷேலோ கேஸ் என்பார்கள். தமிழில் மேல்மட்ட வாயு என்று வைத்துக்கொள்ளலாம். கடல்தரையிலிருந்து சுமார் ஆயிரம் மீட்டர் வரைக்குள் மாட்டிக்கொண்டிருக்கும் வாயு எல்லாம் இந்தக் கணக்கில் வரும். பெரும்பாலும் மீத்தேன்தான்.

இது எப்படி வந்தது என்று தெரிய மும்பையின் பழைய முகத்தைப் பார்க்க வேண்டும். இருபதாயிரம் வருஷங்களுக்கு முன்பு, பனியுகத்தின் உச்சத்தில், உலகம் முழுக்கக் கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிடச் சுமார் 120 மீட்டர் கீழே இருந்தது. மும்பைக்கு வெளியே கண்டத்திட்டு முந்நூறு கிலோமீட்டர் அகலம். அதில் பெரும்பகுதி அன்றைக்குத் தரை. மும்பை ஹை நிற்கும் இடமும் தரைதான். ஆறுகள் ஓடின, கழிமுகங்களும் சதுப்புகளும் இருந்தன. பிறகு கடல் ஏறி வந்தது. நர்மதையும் தபதியும் கொண்டுவந்து கொட்டிய சேறு, கரையோரமாக எல்லாவற்றையும் மூடியது.

1870களின் கடைசியில் மும்பைத் துறைமுகத்தில் பிரின்ஸ் டாக்கைத் தோண்டியபோது சேற்றுக்கு அடியில் ஒரு காடே கிடைத்தது. நூற்றுக்கணக்கில் மரங்கள், பல நின்ற நிலையிலேயே. பெரும்பாலும் கயிர் மரம். நம் ஊரில் கருங்காலி என்கிறோமே, அது. நகரத்தின் காலடியிலேயே இப்படி என்றால், வெளியே கடலடியில் எவ்வளவு இலையும் வேரும் புதைந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அந்த மக்கலைத் தின்ன முதலில் வருபவை சேற்று நீரில் உள்ள சல்பேட்டைப் பயன்படுத்தும் நுண்ணுயிரிகள். சல்பேட் தீர்ந்துபோன ஆழத்துக்குக் கீழே மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிரிகள் வேலையை எடுத்துக்கொள்கின்றன. அவை உண்டாக்குவது முதலில் நீரில் கரைந்தே இருக்கும். கரையும் அளவைத் தாண்டினால்தான் குமிழாகும். இது ஒரு வகை. இன்னொரு வகை, ஆழத்துப் பாறையில் வெந்து உண்டான வாயு, பிளவுகள் வழியாக மேலே கசிந்து வந்து ஏதாவது ஒரு மணல் அடுக்கில் தங்கிவிடுவது. முதல் வகை பொதுவாகப் பரவலாக, மெலிதாக இருக்கும். இரண்டாவது குறைந்த இடத்தில் அழுத்தத்தோடு இருக்கலாம். துளைப்பவனுக்குப் பயம் இரண்டாவதுதான்.

பயம் ஏன்? கிணற்றின் முதல் துண்டைத் துளைக்கும்போது மேலே வாய் மூடும் கருவி இருக்காது. அக்கா மகன் பி.ஓ.பி. என்று சொல்கிறானே, அந்த இரும்பு மூடி, ஒரு கனமான குழாயை இறக்கி சிமெண்ட் போட்ட பிறகுதான் மாட்டப்படும். அதற்கு முன்னால் மூடவும் முடியாது. சுற்றியிருப்பது இளகிய மண். வாயை அடைத்தால் வாயு குழாயை விட்டுவிட்டுப் பக்கத்து மண்ணைப் பிளந்துகொண்டு மேலே வரும். ஜாக்-அப் ரிக்கின் மூன்று கால்களும் அந்த மண்ணில்தான் ஊன்றி நிற்கின்றன. அதனால் வாயுவை மூடாமல், டைவர்ட்டர் என்ற பக்கக் குழாய் வழியாகக் கடல் பக்கம் திருப்பி விடுவார்கள். வாயு வரும் வேகமும் நம் பக்கம் இல்லை. கடல்தரைக்கு நானூறு மீட்டர் கீழே, அதற்கு மேல் எழுபத்தைந்து மீட்டர் தண்ணீர். அங்கே சாதாரண நீரழுத்தத்தில் ஒரு லிட்டராக இருக்கும் வாயு மேலே வந்து சேரும்போது நாற்பத்தெட்டு லிட்டர் ஆகும். ஆழக் கிணற்றில் முன்னறிகுறி பார்த்து முடிவெடுக்க நேரம் கிடைக்கும். இங்கே கிடைப்பது சில நிமிஷம்.

1985 அக்டோபர் 6 அன்று நார்வேக்கு வெளியே ஹால்ட்டன்பேங்கன் பகுதியில் வெஸ்ட் வான்கார்டு என்ற மிதவை ரிக்கில் இதுதான் நடந்தது. வாயுவோடு சேர்ந்து வந்த மணல் டைவர்ட்டர் குழாயையே அரித்துத் தின்றுவிட்டது. வாயு டெக்கில் பரவி வெடித்தது. ஒருவர் இறந்தார். 1990 நவம்பரில் வட கடலின் பிரிட்டன் பகுதியில் 22/4பி என்ற இடத்தில் மேல்மட்ட வாயு பீறிட்டு, கடல்தரையில் பெரிய பள்ளத்தையே உண்டாக்கியது. இருபது வருஷம் கழித்துப் போய்ப் பார்த்தபோதும் அந்தப் பள்ளத்திலிருந்து குமிழ்கள் வந்துகொண்டிருந்தன.

சரி, கண்ணுக்குத் தெரியாத இந்த வாயுவைத் துளைக்காமல் எப்படிக் கண்டுபிடிப்பது? அக்காவுக்கு நான் இதை அடுப்படியில்தான் காட்டினேன்.

ஒரு கண்ணாடி டம்ளரில் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர். ஒரு ஸ்பூன் புரூ காபித்தூளைப் போட்டு நன்றாகக் கலக்கியதும், ஸ்பூனின் முனையால் டம்ளரின் உள்ளே அடித்தட்டில் விடாமல் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் 'டொக் டொக்' என்று கனமான, தாழ்ந்த ஒலி. நேரம் போகப் போக ஒலி ஏறிக்கொண்டே போய் 'டிங் டிங்' என்றாகிவிடும். மறுபடி கலக்கினால் மறுபடி இறங்கும். அக்கா நாலு தடவை செய்து பார்த்தாள். தூளோடு வந்த நுண்ணிய காற்றுக் குமிழ்கள் நீரில் இருக்கும்வரை ஒலி மெதுவாகப் போகிறது. குமிழ்கள் வெளியேற வெளியேற வேகம் கூடுகிறது. அதுதான் காதில் விழும் மாற்றம்.

தண்ணீரில் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 1500 மீட்டர். காற்றில் 340. இரண்டையும் கலந்தால் நடுவில் எங்கோ வரும் என்றுதான் நினைப்போம். ஆனால் தண்ணீரில் நூற்றில் ஒரு பங்கு காற்றைக் குமிழாகக் கலந்தால் வேகம் சுமார் 120 மீட்டருக்கு விழுந்துவிடும். காற்றில் போவதைவிடவும் மெது! காரணம் எளிது. அந்தக் கலவைக்குத் தண்ணீரின் கனம் இருக்கிறது, காற்றின் இளக்கமும் இருக்கிறது. கனமான, ஆனால் அமுங்கிக் கொடுக்கிற பொருளில் ஒலி ஓடாது. எழுபத்தைந்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கூடுவதால் இந்த வீழ்ச்சி இவ்வளவு மோசமாக இருக்காது. அங்கே ஒரு சதவீதக் குமிழுக்கு வேகம் 350 மீட்டரை ஒட்டி வரும். சேற்றின் விறைப்பும் கொஞ்சம் தாங்கிப் பிடிக்கும். ஆனாலும் ஒலியைத் தடுமாற வைக்கச் சிறு அளவு வாயுவே போதும்.

வேகம் குறைவது ஒரு பக்கம். குமிழ் தானே அதிரும் என்பது இன்னொரு பக்கம். ஒரு மில்லிமீட்டர் ஆரமுள்ள குமிழ் நீர்மட்டத்தை ஒட்டி விநாடிக்குச் சுமார் 3300 தடவை அதிரும், அதாவது 3.3 கிலோஹெர்ட்ஸ். ஆழம் கூடக் கூட இந்த எண் கூடும். நாம் அனுப்பும் ஒலி இந்த எண்ணோடு பொருந்திவிட்டால் குமிழ் அந்தச் சக்தியை விழுங்கி நாலா பக்கமும் சிதறடித்துவிடும். கடல்தரைக்கு அடியில் சேற்று அடுக்குகளைப் பார்க்கப் பயன்படும் பிங்கர் கருவிகளின் வழக்கமான அதிர்வெண் 3.5 கிலோஹெர்ட்ஸ். வாயுவுள்ள சேற்றில் அவை சட்டென்று குருடாகிவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதனால் ஒரே கருவியை நம்பிப் போவதில்லை. படகின் அடியில் மல்டிபீம் எக்கோ சவுண்டர் கடல்தரையின் மேடு பள்ளத்தை அளக்கும். பின்னால் கயிற்றில் இழுத்துப் போகும் சைடு ஸ்கேன் சோனார் தரையின் மேற்பரப்பைப் படம் மாதிரி காட்டும். வாயு கசிந்து சேற்றைத் தூக்கிக்கொண்டு போன வட்டப் பள்ளங்கள் அதில் தெரியும். 1970இல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவுக்கு வெளியே முதலில் விவரிக்கப்பட்ட இவற்றுக்குப் பெயர் பாக்மார்க், அம்மைத் தழும்பு. அப்புறம் பிங்கர், பூமர், ஸ்பார்க்கர் என்ற ஒலி எழுப்பும் கருவிகள். ஸ்பார்க்கர் என்பது தண்ணீருக்குள் மின்பொறி தட்டி ஒலி எழுப்புவது. கடைசியில் ஏர்கன்: அழுத்திய காற்றைத் திடீரென்று விடுவித்து, நூற்றுக்கணக்கான மீட்டர் நீளமுள்ள ஸ்ட்ரீமர் என்ற கேபிளில் வரிசையாக உள்ள ஹைட்ரோஃபோன்களால், அதாவது நீருக்கடி மைக்குகளால், எதிரொலியைக் கேட்பது. அதிர்வெண் இறங்க இறங்க ஒலி ஆழமாகப் போகும், ஆனால் நுணுக்கம் குறையும். 3.5 கிலோஹெர்ட்ஸில் ஒரு அலையின் நீளம் சுமார் 43 சென்டிமீட்டர். 100 ஹெர்ட்ஸில் 15 மீட்டர். முதலாவது மேலே உள்ள இளகிய சேற்றை அடுக்கடுக்காகக் காட்டும், இரண்டாவது ஒரு கிலோமீட்டர் கீழே வரைக்கும் போய் வரும்.

ரெக்கார்டில் வாயு எப்படித் தெரியும்? நல்ல சேற்றில் அடுக்குகள் பாய் விரித்த மாதிரி வரி வரியாக ஓடும். படகு போய்க்கொண்டே இருக்கும்போது, வரிகள் திடீரென்று புகைபிடித்த மாதிரி கலங்கி, அதற்குக் கீழே ஒன்றுமே இல்லாமல் போகும். அந்தத் திரையின் விளிம்பு கத்தியால் வெட்டியது போல இருக்கும். ஒருபுறம் பதினைந்து அடுக்குகள், மறுபுறம் வெறும் சாம்பல். இந்தியாவின் மேற்குத் திட்டில் இப்படி ஒலி மறையும் பட்டைகள் இருப்பதை கோவாவில் உள்ள தேசியக் கடலியல் நிறுவனத்து ஆய்வாளர்கள் 1981லேயே எழுதிவிட்டார்கள்.

ஏர்கன் ரெக்கார்டில் அடையாளம் வேறு மாதிரி. வாயு நிறைந்த மணலின் மேல் விளிம்பு பளிச்சென்று மின்னும். அதோடு அந்த எதிரொலி தலைகீழாக இருக்கும். கடல்தரையில் மென்மையிலிருந்து கெட்டிக்குப் போகிறோம்; வாயு மணலில் கெட்டியிலிருந்து மென்மைக்கு. அதனால் அலையின் மேடு இருக்க வேண்டிய இடத்தில் பள்ளம் வரும். இன்னொன்று, கீழே உள்ள அடுக்குகள் தொய்ந்து தெரியும். கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்து மீட்டர் தடிமனுள்ள ஒரு அடுக்கில் ஒலி வழக்கமாக விநாடிக்கு 1600 மீட்டர் போகிறது. போய்த் திரும்ப 12.5 மில்லிவிநாடி. வாயுவால் வேகம் 800 ஆனால் 25 மில்லிவிநாடி. கருவி இந்த வேறுபாட்டை அறியாது. அதைப் பொறுத்தவரை கீழுள்ள தரை பத்து மீட்டர் இறங்கிவிட்டது. நிஜத்தில் அது சமதளமாகவே கிடக்கும்.

ஏமாற்றும் அடையாளங்களும் உண்டு. மும்பைக்கு வெளியே திட்டின் ஓரப் பகுதிகளில் சிப்பியும் சுண்ணாம்பும் இறுகிய அடுக்குகள் நிறைய. அவையும் பளிச்சென்று மின்னும். ஆனால் தலைகீழாகாது, இதை வைத்துப் பிரித்துவிடலாம். புதைந்த சதுப்பு நிலத்து மக்கல் அடுக்கு அப்படியில்லை. அது மென்மையானது, லேசானது. வாயு இல்லாமலேயே தலைகீழ் எதிரொலி தரும். போதாததற்கு வாயு உண்டாவதும் அந்த மாதிரி அடுக்கில்தான். அப்போது ஸ்ட்ரீமரில் அருகிலுள்ள ஹைட்ரோஃபோனிலிருந்து தொலைவிலுள்ளது வரை எதிரொலியின் பலம் எப்படி மாறுகிறது என்று பார்ப்பார்கள். வாயு மணலில் தொலைவு கூடக் கூட அது பெரும்பாலும் பலமாகும். தண்ணீரிலேயே எகிறித் திரும்பி வரும் எதிரொலியும் தொல்லை. எழுபத்தைந்து மீட்டர் நீரில் கடல்தரை 100 மில்லிவிநாடியில் வரும். அதன் நகல் 200இல் மறுபடி வந்து உண்மையான அடுக்குகள் மேல் விழும்.

இனி நான் சொல்ல நினைக்கும் முக்கியமான விஷயம். ஒலி, வாயு இருப்பதைச் சொல்லும். எவ்வளவு என்று சொல்லாது. மணலின் இடுக்குகளில் இரண்டு சதவீதம் வாயு இருந்தாலும் எண்பது சதவீதம் இருந்தாலும் ஒலியின் வேகம் ஏறக்குறைய ஒரே மாதிரி விழுந்திருக்கும். ஆபத்தோ இரண்டுக்கும் ஒன்றல்ல. இரண்டு சதவீதக் குமிழ் மணலோடு ஒட்டிக்கொண்டு நகராமல் கிடக்கலாம். எண்பது சதவீதம் கிணற்றுக்குள் பாயும்.

எனக்கு இது உறைத்தது ஆரம்ப வருஷங்களில். ஒரு இடத்தின் அறிக்கையில், கலங்கிய பட்டைக்குக் கீழே என்ற தலைப்பில் 'வாயு இல்லை' என்று எழுதியிருந்தேன். எங்களிடம் இருந்தது பிங்கர் ரெக்கார்டு மட்டும். ஸ்பார்க்கர் ஓட்ட வேலை கொடுத்த கம்பெனி நேரம் தரவில்லை. மூத்த ஆய்வாளர் ஒருவர் சிவப்புப் பேனாவால் அந்த ஒரு வார்த்தையை அடித்துவிட்டு மேலே 'தெரியவில்லை' என்று எழுதினார். "இல்லைங்கிறது வேற, தெரியலைங்கிறது வேற தம்பி. மேல் சேற்றில் இருக்கிற கொஞ்சம் வாயு, கீழே இருக்கிற பெரிய வாயுவை மறைச்சு நிக்கும். நீ பாத்தது திரையை, அறையை இல்லை." அந்த அறிக்கையைத் திருப்பி அனுப்பி, ஸ்பார்க்கர் கோடுகள் ஓடிய பிறகுதான் கையெழுத்துப் போட்டார். இன்றைக்கும் வரைபடத்தில் 'வாயு' என்று ஒரே சிவப்பு நிறத்தில் தீட்டித் தருகிற அறிக்கையைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். கண்டது, சந்தேகிப்பது, பார்க்கவே முடியாதது: மூன்றையும் மூன்று நிறத்தில் காட்டத்தான் வேண்டும்.

அதனால்தான் சேற்றை நேரில் எடுத்தும் பார்க்கிறோம். கனமான இரும்புக் குழாயைக் கடல்தரையில் போட்டு, உள்ளே பிளாஸ்டிக் குழாயோடு சேற்றை உருவி எடுப்பது. புட்டுக் குழாயிலிருந்து புட்டு வருகிற மாதிரி முழு உருளையாக வரும். வாயுவுள்ள சேறு டெக்குக்கு வந்ததும் சும்மா இருக்காது. எழுபத்தைந்து மீட்டர் ஆழத்து அழுத்தம் விலகியதும் குமிழ்கள் எட்டு மடங்கு விரிந்து, உருளை குறுக்கே வெடித்து, குழாயின் முனையில் சேறு தானாகப் பிதுங்கும். காதை வைத்தால் மெல்லிய 'ஸ்ஸ்' கேட்கும். அழுகிய முட்டை வாடை வந்தால் அது ஹைட்ரஜன் சல்பைடு. மீத்தேனுக்கு வாடை கிடையாது. ஆய்வுக்கூடத்தில் மீத்தேனில் உள்ள கார்பனின் கனமான, லேசான அணுக்களின் விகிதத்தைப் பார்த்தால் சேற்றில் பிறந்ததா, ஆழத்திலிருந்து வந்ததா என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். நுண்ணுயிரிகள் உண்டாக்கிய மீத்தேனில் லேசான கார்பன் மிகுந்திருக்கும். ஈத்தேன், புரொப்பேன் அநேகமாக இருக்காது. ஆனால் இந்தக் குழாய் போவது சில மீட்டர்தான். நானூறு மீட்டரில் உள்ள மணலைப் பற்றி அது நேரடியாக எதுவும் சொல்லாது.

எண்ணெய்க்கு மட்டும் இது வேண்டும் என்றில்லை. சீனாவில் ஹாங்சோ வளைகுடாப் பாலம் கட்டும்போது மண்பரிசோதனைத் துளைகளிலேயே மேல்மட்ட வாயு பீறிட்டது. அதை மெதுவாக வெளியேற்றிய பிறகுதான் வேலை நடந்தது. வாயு நிறைந்த சேற்றின் வலு குறையும். குழாய்ப் பாதை, கேபிள், பாலத்தின் தூண் எதுவானாலும் அதே கவலை.

மும்பைக் கடலுக்கென்று சில கஷ்டங்கள் உண்டு. சர்வே நடப்பது அக்டோபரிலிருந்து மே வரை. தென்மேற்குப் பருவம் இறங்கிவிட்டால் அலை இரைச்சலில் ஹைட்ரோஃபோன்களுக்கு எதுவும் கேட்காது. கரைப் பக்கம் வந்தால் கோலி மீனவர்களின் டோல் வலைகள், நீரோட்டத்தை நம்பி ஒரே இடத்தில் கட்டி வைத்த பை வலைகள். ஸ்ட்ரீமர் அதில் மாட்டினால் அவர்களுக்கும் நஷ்டம், நமக்கும் நஷ்டம். அதனால் முன்னாலேயே போய்ப் பேசி, கூட ஒரு காவல் படகும் வைத்துக்கொள்வது வழக்கம். ஓதமும் கணக்கில் வரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி மும்பையில் நீர் நாலைந்து மீட்டர் ஏறி இறங்கும். நீர் வற்றும்போது கடல்தரை மேல் அழுத்தம் குறைவதால் கசிவிடங்களில் குமிழ் அதிகம் வரும். ஒரே இடத்தை ஏற்றத்தில் பார்த்துவிட்டு 'கசிவு காணோம்' என்று எழுதக் கூடாது.

எல்லாம் முடிந்து ஐம்பது மீட்டர் இடைவெளியில் கோடுகள் ஓடிய வரைபடம் கையில் வந்ததும் முடிவெடுப்பது துளைப்பவர்கள். சந்தேகமான மணல் இருந்தால் பெரும்பாலும் கிணற்றின் இடத்தையே நூறு இருநூறு மீட்டர் நகர்த்திவிடுவார்கள். கடலில் அது பெரிய செலவில்லை. நகர்த்த முடியாவிட்டால் முதலில் ஒல்லியான ஒரு துளை போட்டுப் பார்ப்பார்கள். பைலட் ஹோல் என்று பெயர். துளை சிறியதாக இருந்தால் வாயு வந்தாலும் கனமான சேற்றுத் திரவத்தை வேகமாக அனுப்பி அமுக்க வாய்ப்பு அதிகம். அந்த நேரத்தில் ரிக்கின் ஓரத்தில் ஆள் நிறுத்துவார்கள். தண்ணீரில் குமிழ் வருகிறதா என்று பார்ப்பது மட்டுமே அவன் வேலை. ராத்திரியில் விளக்கைக் கீழே அடித்துப் பார்க்க வேண்டும்.

போன வாரம் அக்கா மகனுக்கு அந்த முறை வந்தது. ராத்திரி பன்னிரண்டு மணியிலிருந்து காலை ஆறு வரை. முடிந்ததும் ரிக்கிலிருந்து போன் செய்தான்.

"மாமா, ஆறு மணி நேரமா தண்ணியையே பாத்துட்டு இருந்தேன். விளக்கு வெளிச்சத்துக்கு மீன் கூட்டம் கூட்டமா வந்துச்சு. குமிழ் ஒண்ணும் வரலை."

அக்கா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். போனை வாங்கி, "நாளைக்கும் நீதானா?" என்றாள்.

"இல்லம்மா, நாளைக்கு வேற ஆள். முந்நூத்தம்பது மீட்டர்ல ஒரு மணல் இருக்காம், மாமா ஆளுங்க மஞ்சள்ல குறிச்சிருக்காங்க. அதைத் தாண்டுற வரைக்கும் ஒருத்தர் நிக்கணும்."